நிரப்பலும் மறக்கடித்தலும்: காஞ்சிபுரத்துக் கார்ட்ரிட்ஜ் பற்றி ஓர் ஆய்வு

கார்ட்ரிட்ஜ் என்பது மையும் மையைத் தெளிக்கும் தலையும் ஒரே கூட்டில் அடைபட்ட, உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. அதன் வாழ்நாள் இரு பருவங்களாகப் பிரியும்: மை உள்ள பருவம், மை தீர்ந்த பருவம். முதற்பருவத்தைப் பற்றிக் கம்பெனிக் கையேடுகள் பல மொழிகளில் விரிவாகப் பேசுகின்றன. இரண்டாம் பருவத்தைப் பற்றி அவை சொல்வது, புதிது வாங்க வேண்டும் என்பது மட்டுமே. முதற்பருவத்தைவிடப் பல மடங்கு நீளக்கூடிய இந்த இரண்டாம் பருவம் ஆராய்ச்சியின்றி விடப்பட்டதற்குக் காரணம் எளிது. அதில் கம்பெனிக்கு வரும்படி இல்லை.

அதை ஆராயக் காஞ்சிபுரம் ஏற்ற களம். நைந்த பட்டுப்புடவையை எடைபோட்டு, ஜரிகையை எரித்து, வெள்ளியைப் பிரித்துக் காசாக்கத் தெரிந்த ஊர் இது. தீர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் இங்கே உடனே நம்பிவிடுவதில்லை. காகிதத் தேவைக்கும் குறைவில்லை. ஜாதகம், கல்யாணப் பத்திரிகையின் மாதிரி, சங்கத்து ரசீது, கோர்ட்டு மனு, புடவை டிசைன் என எல்லாம் ஏதோ ஒரு கடையின் பிரிண்டர் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். முகூர்த்த மாதங்களில் கார்ட்ரிட்ஜ் தீர்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் காய்கிறது. இரண்டும் வெவ்வேறு நோய்கள். மருந்தும் வேறு.

இத்தொழில்நுட்பம் தோன்றிய கதை ஜப்பானில் தொடங்குகிறது. 1977இல் கேனன் ஆய்வுக்கூடத்தில் மை நிரம்பிய சிரிஞ்சின் ஊசிமேல் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாகப் பட்டு, நுனியிலிருந்து மை தெறித்தது என்பது அந்நிறுவனம் சொல்லிவரும் வரலாறு. சிரிஞ்சில் பிறந்தது கடைசியில் ஜெராக்ஸ் கடைக்காரரின் சிரிஞ்சிடமே வந்து சேர்ந்ததை ஊழ்வினை என்றுதான் கொள்ள வேண்டும். அமெரிக்காவில் எச்.பி. நிறுவனமும் தனியே இதே வழியைக் கண்டு, 1984இல் திங்க்ஜெட் என்னும் பிரிண்டரை 12 துளைகள் கொண்ட தலையோடு விற்றது. மயிரிழைத் துளைக்குப் பின்னால் ஒரு நுண் மின்தடை இருக்கும். அது சில மைக்ரோ விநாடிகளில் சூடேறும். ஒட்டியுள்ள மைப்படலம் கொதித்துக் குமிழியாகி ஒரு துளியை வெளியே தள்ளும். இத்தனை சூடு தாங்கும் தலை நெடுநாள் உழைக்காது என்ற கணிப்பில், தலையையும் மையையும் சேர்த்தே தூக்கியெறியும்படி அமைத்தார்கள். தலையோ பிடிவாதமாக உழைத்தது. மை போயும் தலை போகாத இந்த நிலைமீதுதான் நிரப்பல் இயல் முழுவதும் நிற்கிறது.

அடுத்து ஆராய வேண்டியது பிரிண்டரின் நினைவாற்றல். நினைவுள்ள கருவி காஞ்சிக்குப் புதிதல்ல. பிரான்சில் 1804இல் ஜக்கார்டு அமைத்த துளையட்டை முறை பிள்ளையார்பாளையத்துத் தறிகளின் தலைக்கு மேலே தொங்குகிறது. அன்னமும் யாளியும் எந்த வரிசையில் வர வேண்டும் என்பது அட்டைக்கட்டில் ஒன்றுவிடாமல் பதிந்திருக்கும். ஆனால் இதுவரை எத்தனை புடவை நெய்தாயிற்று என்று அட்டை எண்ணுவதில்லை. நூறாவது புடவையில் தறியை நிறுத்திப் புது அட்டை கேட்கும் ஜக்கார்டை எந்த நெசவாளரும் வீட்டுக்குள் விட்டிருக்கமாட்டார்.

பிரிண்டர் எண்ணுகிறது. அதுவும் மையை அல்ல. தலையோடு சேர்ந்த கார்ட்ரிட்ஜுகளில் பெரும்பாலானவற்றுக்கு மை மட்டத்தை நேரில் பார்க்கும் வசதி கிடையாது. துளி விடச் சொல்லி எத்தனை முறை ஆணை போயிற்று என்று எண்ணி, துளிக்கு இவ்வளவு எனப் பெருக்கி, மிச்சத்தைப் பிரிண்டர் ஊகிக்கிறது. ஆகவே கம்ப்யூட்டர் திரையில் தெரியும் காலிக் குடுவை, கிடங்கை எட்டிப் பார்க்காத கணக்குப்பிள்ளையின் அபிப்பிராயம் மட்டுமே. இத்துறையின் தலையாய கோட்பாடு இதிலிருந்து பெறப்படுகிறது: நிரப்பல் வேறு, மறக்கடித்தல் வேறு. முன்னது சிரிஞ்சு வேலை, பின்னது மனவியல்.

நிரப்பல் எளிது என்று நினைத்துத் தொடங்குபவரை அவருடைய விரல் நிறத்தைக் கொண்டே அடையாளம் காணலாம். கடைகளில் அதிகம் புழங்கும் எச்.பி. 802, 803, கேனன் 745, 746 ஆகியவற்றில் மேல் ஸ்டிக்கரை உரித்தால் சிறு துளைகள் தெரியும். உள்ளே ஸ்பாஞ்சு. கறுப்பில் ஒரே அறை. கலரில் மெஜந்தா, நீலம், மஞ்சள் என மூன்று. எந்தத் துளை எந்த நிறத்துக்கு என்பதில் நினைவை நம்பாமல், பல்குத்தியை விட்டு எடுத்துப் பார்ப்பதே சான்றோர் வழக்கு. ஊசியை ஸ்பாஞ்சுக்குள் இறக்கி மெல்ல அழுத்த வேண்டும். கலரில் அறைக்கு இரண்டு மில்லியோடு நிறுத்துவது நலம். வேகமாக அழுத்தினால் உள்ளே காற்று சிறைப்பட்டு, மை நிறைந்திருந்தும் தலைக்கு எட்டாத விநோத வறட்சி உண்டாகும். ஸ்டிக்கரை மறுபடி ஒட்டும்போது காற்று வழியை அடைத்துவிட்டால் நாலு பக்கம் வந்தபின் மை இறங்க மறுக்கும். முடிந்ததும் டிஷ்யூ காகிதத்தில் தலையை ஒற்றினால் மூன்று நிறமும் கோடாகப் பதிய வேண்டும். அச்சில் இடையிடையே வெள்ளைக் கோடு தெரிந்தால் ‘லைன் விழுது’ என்பார்கள். எதுவுமே வராவிட்டால் ‘ஹெட் போச்சு’. மையே இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தால், சூட்டை வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் மின்தடைகள் கருகும். ஆகவே சொட்டுகூட மிச்சமில்லாமல் தீர்த்துவிட்டுத்தான் நிரப்புவேன் என்பவரைச் சிக்கனக்காரர் வரிசையில் சேர்க்க முடியாது.

ஆடி நோயாகிய காய்தலுக்கு வெதுவெதுப்பான நீரே மருந்து. தலையை மட்டும் நீரில் வைப்பதா, ஈரத் துணிமேல் வைப்பதா என்பதில் இரு கட்சிகள் உண்டு. வரதராஜர் கோயிலில் ஓதும் உரிமைக்காக வடகலையாரும் தென்கலையாரும் நூறாண்டுக்கு மேலாகக் கோர்ட்டு ஏறிய ஊரில், இந்தப் பூசல் இன்னும் டீக்கடையைத் தாண்டவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

மையும் இவ்வூருக்கு அந்நியமன்று. கலர் மை பெரும்பாலும் நீரில் கரைந்த சாயம். மெஜந்தா மைகளில் பயன்பட்டுவந்த ஆசிட் ரெட் 52 போன்றவை, பட்டு நூலுக்கு ஏற்றும் ஆசிட் சாயங்களின் இனத்தைச் சேர்ந்தவை. ஆகவே காகிதத்தில் ஒரு துளி நீர் பட்டாலே ஓடிப்போகும் மை, பட்டுப்புடவைமேல் சிந்தினால் குடும்ப உறுப்பினராகிவிடும். நிறக்குறைவால் வரும் கோளாறும் இங்கேதான் முழுமையாக வெளிப்படுகிறது. மெஜந்தா அறை மட்டும் வறண்ட கார்ட்ரிட்ஜில், அரக்கு உடலும் மாம்பழ மஞ்சள் கரையுமாகப் போட்ட டிசைனை அச்சிட்டால் கரை வெளிறினாலும் பிழைத்துக்கொள்ளும். உடல் பாசிப் பச்சையாகும். கோர்வை போட்டும் சேராத அந்த ஜோடியை யாரும் விரும்பிக் கேட்டதற்குச் சான்று இல்லை.

மறக்கடித்தலில் கம்பெனிக்கு ஒரு சம்பிரதாயம். எச்.பி. 21, 22 காலத்துப் பிரிண்டர்கள் அண்மையில் பார்த்த ஓரிரு கார்ட்ரிட்ஜுகளின் அடையாளத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கும். அதனால் வேறு இரண்டு கார்ட்ரிட்ஜுகளை மாற்றி மாற்றிப் போட்டு எடுத்தால் பழையது மறந்துபோகும். வேறு கார்ட்ரிட்ஜ் இல்லாதவர்கள் பின்புறச் செப்புப் புள்ளி ஒன்றின்மேல் துளி செலோடேப்பை ஒட்டிச் செருகினார்கள். அடையாளம் மாறிப் படிக்கப்பட்டது. பிறகு வேறொரு புள்ளியில் ஒட்டினார்கள். மூன்றாவது ஆளாகப் படிக்கப்பட்டது. டேப்பை எடுத்தபின் அசல் கார்ட்ரிட்ஜ் புத்தம் புதிதாய், நிறைமையோடு வரவேற்கப்பட்டது. ஒரே ஆள் மூன்று வேஷம் கட்டும் கூத்து மரபுக்கு இந்நாட்டில் நீண்ட வரலாறு உண்டென்பதால் இம்முறை எளிதில் பரவியதில் வியப்பில்லை. கேனன் தன்மையில் வேறு. ஈ13, ஈ16 என்று அது முறையிடும்போது ஸ்டாப் பொத்தானை ஐந்து விநாடிக்குக் குறையாமல் அழுத்திப் பிடித்தால் போதும். அந்தக் கார்ட்ரிட்ஜின் மைக்கணக்கையே கைவிட்டு வேலையைத் தொடரும். 802, 803 ஆகியவற்றில் மறக்கடிக்கவே வேண்டியதில்லை. எச்சரிக்கைக்கு ஓகே கொடுத்துவிட்டுப் பூஜ்யத்தைப் பொருட்படுத்தாமல் அச்சிடலாம். திரையில் பூஜ்யம் காட்டும்போது வெளியே ஜாதகம் வந்துகொண்டிருப்பது இத்துறை மாணவர்களுக்கு நல்ல செயல்முறைப் பாடம்.

இவ்விஷயம் நீதிமன்றங்களையும் எட்டியிருக்கிறது. டோனர் கார்ட்ரிட்ஜை நிரப்பி விற்றவர்மேல் லெக்ஸ்மார்க் தொடுத்த வழக்கில், ஒரு பொருளை விற்றவுடன் அதன்மேல் காப்புரிமை தீர்ந்துவிடுகிறது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017 மே 30 அன்று தீர்ப்பளித்தது; பழைய காரைச் சரிசெய்து விற்கும் கடையை உதாரணம் காட்டியது. பட்டறைக்காரர்கள் அறிந்திருந்ததற்கு அப்படி ஓர் உயர்ந்த இடத்திலிருந்து உறுதி கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பர் 13 அன்று எச்.பி. பிரிண்டர்கள் பல, வெளியார் சிப் கொண்ட கார்ட்ரிட்ஜுகளை ஏற்க மறுத்து நின்றன. இத்தகைய தடைகளை வாங்குவோருக்குச் சரியாகச் சொல்லவில்லை என்று இத்தாலியின் போட்டி ஆணையம் 2020இல் அந்நிறுவனத்துக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. இந்தியாவில் 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள், பிரிண்டரைக் குறிப்பிடும்போது கார்ட்ரிட்ஜையும் சேர்த்தே குறிப்பிட்டன.

கடைசியாகத் தொட்டி பிரிண்டர். வெளியே பாட்டில் வைத்துக் குழாய் இழுத்து மை ஊட்டும் கைவேலை பரவியிருந்த இந்தோனேசியாவில் எப்சன் 2010இல் அதை அறிமுகம் செய்தது. கேனன் 2015இலும் எச்.பி. 2016இலும் பின்தொடர்ந்தன. நிரப்பல் இப்போது மூடியைத் திறந்து ஊற்றும் காரியம். எண்ணும் பழக்கம் மட்டும் போகவில்லை. ஹெட் கிளீனிங்கில் வீணாகும் மை, பிரிண்டரின் அடியிலுள்ள பஞ்சுத் திண்டில் இறங்குகிறது. குறித்த எண்ணை எட்டியதும் எப்சன் பிரிண்டர் விளக்குகளை மாறி மாறிச் சிமிட்டி நின்றுவிடுகிறது. அந்த எண்ணை ஒரு மென்பொருளால் பூஜ்யமாக்கலாம். ஆனால் இங்கே கணக்குப்பிள்ளை சொல்வது ஏறத்தாழ உண்மை. எண்ணை அழித்துவிட்டுத் திண்டைத் தொடாமல் விட்டவர்களின் மேசையில் நாளடைவில் கறுத்த குட்டை தேங்கும். திண்டை எடுத்துக் கழுவிக் காயவைத்துத் திரும்பப் பொருத்துவது ஒரு வழி. கழிவுக் குழாயைப் பக்கவாட்டில் வெளியே இழுத்து ஒரு காலி பாட்டிலில் விடுவது மற்றொன்று. பாட்டில் நிறைவது கண்ணுக்கே தெரியுமாதலால் அதற்கு எண்ணிக்கை தேவைப்படுவதில்லை.