பலவீனம்: அளவுக்கு மீறிய நேர்மை

பள்ளித் தலைமைத்துவப் பயிற்சியின் இரண்டாம் நாள், டீ, வடைக்குப் பிறகு அந்தத் தாள் வரும். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து ஓரமெல்லாம் கறுத்துப்போன ஒற்றைத் தாள். இடது பக்கம் 'என் பலங்கள்', வலது பக்கம் 'என் பலவீனங்கள்'. பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வந்துவிட்ட நம் வருங்காலத் தலைமை ஆசிரியருக்கு இடது பக்கம் ஒரு பொருட்டே அல்ல. கடின உழைப்பு, காலந்தவறாமை, மாணவர் நலனே மூச்சு, நூறு சதவீதத் தேர்ச்சி என்று மளமளவென நிரப்பி, கோடு தீர்ந்த பிறகும் மார்ஜினில் ஏறி எழுதுவார். வலது பக்கம் வந்ததும்தான் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்ப்பார். அப்புறம் எழுதுவார் பாருங்கள், அது தனி இலக்கியம்.

'அளவுக்கு மீறிய நேர்மை.' இந்த நோய் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இவ்வளவு பரவியிருப்பது அந்தத் தாள்களைப் படிக்காதவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அடுத்து, 'மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன்.' அடுத்து, 'எல்லோரையும் எளிதில் நம்பிவிடுகிறேன்.' 'பள்ளி வேலையில் மூழ்கிக் குடும்பத்தைக் கவனிப்பதில்லை' என்பது பெரும்பாலும் நாலு மணி பத்து நிமிடத்துக்கு வண்டியை எடுத்துவிடுகிறவர் எழுதுவது. 'கோபம் வரும்' என்று துணிந்து ஒப்புக்கொள்பவரும் உண்டு. ஆனால் கோபம் உள்ள இடத்தில்தான் குணம் இருக்கும் என்று அதே வரியில் ஜாமீனும் எடுத்துவிடுவார். எல்லாவற்றுக்கும் மகுடமாகக் கடைசி வரி: 'எந்த வேலையையும் பிறரிடம் ஒப்படைக்க மனம் வராது, நானே செய்தால்தான் திருப்தி.' எழுதி முடித்ததும் முகத்தில் ஒரு நிறைவு. பக்கத்து நாற்காலி டீச்சர், "நீங்க என்ன சார் போட்டீங்க?" என்று எட்டிப் பார்ப்பார். பரீட்சை ஹாலில் ஒரு பையனின் கழுத்து திரும்பினாலே பேப்பரைப் பிடுங்கும் அதே சார், தாளைச் சற்றே சாய்த்துக் கொடுப்பார். மதியச் சாப்பாட்டுக்குள் ஹாலில் பாதிப் பேருக்கு ஒரே பலவீனம் வந்து சேர்ந்திருக்கும்.

இதெல்லாம் பொய் என்று சிரித்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்தக் கடைசி வரி பொய்யே இல்லை. மொத்தத் தாளிலும் உள்ள ஒரே உண்மை அதுதான். பெருமை என்று நம்பி எழுதியதால் தப்பித்து வெளியே வந்துவிட்டது. சந்தேகம் இருந்தால் சாவிகளைப் பாருங்கள். ஆய்வகச் சாவி, நூலகச் சாவி, விளையாட்டுச் சாமான் அறைச் சாவி மூன்றும் அவர் பையில் இருக்கும். உள்ளே போன வருடம் வாங்கிய கால்பந்துகள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், காற்று இறங்கி, இருப்புப் பதிவேட்டில் மட்டும் எண்ணிக்கை பிசகாமல் இருக்கும். கொடுத்தால் கிழித்துவிடுவார்களாம். அவர் விடுப்பில் போனால் பீரோ சாவியும் கூடவே ஊருக்குப் போகும். மாற்றுச் சான்றிதழுக்கு வந்த தாய் அன்றைய கூலியை விட்டுவிட்டு இன்னொரு நாள் வரவேண்டும். நாளை இவர் பொறுப்பில் வரப்போவது ஒரு பள்ளி: முப்பது ஆசிரியர்கள், கழிவறைத் தண்ணீர், மின் கட்டணம், எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவேற்றம், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், சத்துணவு. இவற்றைத் தனியாளாக இழுக்கிறவரைத் தலைவர் என்று எப்படிச் சொல்வது? வேலை அதிகமான குமாஸ்தா என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அவரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. தங்களை எடைபோடச் சொன்னால் ஆசிரியர்கள் எங்கும் இப்படித்தான். 1977-இல் பாட்ரிசியா கிராஸ் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஆசிரியர்களில் 94 சதவீதம் பேர், தாங்கள் சராசரிக்கு மேலாகப் பாடம் நடத்துவதாகச் சொல்லியிருந்தார்கள். மீதி ஆறு சதவீதம் பேர் எங்கே போனார்கள் என்று கவலைப்பட வேண்டாம். நம் ஊர்ப் பயிற்சிக்கு வந்திருந்தால் அவர்களும் பக்கத்தில் எட்டிப் பார்த்துத் திருந்தியிருப்பார்கள். தன்னைத் தானே அறிவது கடினம் என்பது பயிற்சி நடத்துகிறவர்களுக்குத் தெரியாததல்ல. டெல்லியில் 2012-இல் தொடங்கிய தேசியப் பள்ளித் தலைமைத்துவ மையத்தின் பாடத்திட்டத்தில் தன்னை வளர்த்துக்கொள்வதற்கென்றே ஒரு பகுதி உண்டு. கருத்தாளர் திரையில் போட்டுக் காட்டுவதே ஜோஹாரி ஜன்னல் படத்தைத்தான். ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்காம் என்ற இருவர் 1955-இல் வரைந்த அந்த நாலு கட்டத்தில் ஒரு கட்டம், பிறருக்குத் தெரிந்து நமக்கு மட்டும் தெரியாத குணங்களுக்கானது. அதை அரைமணி நேரம் விளக்கிவிட்டு, "இப்ப அவங்கவங்க தனியா உக்காந்து எழுதுங்க" என்று தாளைக் கொடுக்கிறார்கள். தன் முதுகைத் தானே பார்த்து மச்சத்தை எண்ணச் சொல்வதுதான் இது.

எழுதுகிற கைக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்வது மேலதிகாரி. 17(அ), 17(ஆ) என்ற ஒழுங்கு நடவடிக்கை விதி எண்களை வாய்ப்பாடு போல மனப்பாடமாக வைத்திருக்கும் உலகம் அது. 'கணக்குப் பதிவேடு எனக்குப் புரியாது', 'சண்டை என்றால் ஒதுங்கிவிடுவேன்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற அளவுக்கு நேர்மை, அளவுக்கு மீறிய நேர்மைக்காரர்களுக்கும் கிடையாது. இருக்கவும் வேண்டாம். ஒப்புக்கொண்டவருக்கு உதவி கிடைக்கும் என்றால் எழுதுவார்கள். ஒப்புக்கொண்டது கோப்பில் ஏறும் என்றால் எந்த மனிதனும் இலக்கியம்தான் படைப்பான். அதற்காகத் துறையை விட்டுவிட முடியாது. பதவி உயர்வு பணிமூப்பில் வருகிறது. துறைத் தேர்வு பாஸாகியிருக்க வேண்டும். தாளில் என்ன எழுதினாலும் நாற்காலி நகராது. அறுபது வயதில் ஓய்வு என்றிருக்க, பலருக்கு அந்த நாற்காலி வாய்ப்பதே கடைசி இரண்டு, மூன்று வருடங்களுக்குத்தான். முப்பது வருடம் ஒருவரிடம் சாவிக்கு மேல் எந்தப் பொறுப்பும் கொடுக்காமல், யாரிடம் எதை ஒப்படைப்பது என்று ஒரு நாளும் பழக்காமல், ஐம்பத்தேழாவது வயதில் ஒரு தாளைக் கொடுத்துப் பலவீனத்தைக் கேட்பது பயிற்சி அல்ல. குரூப் போட்டோவுக்கு முன்னால் நேரத்தை ஓட்டுகிற வேலை.

அப்படியானால் மற்றவர்களைக் கேட்கலாமே என்றால், பதறிப்போவார்கள். சக ஆசிரியர்களைக் கேட்டால் சங்கப் பகை எழுதும், மாணவர்களைக் கேட்டால் பட்டப்பெயர் வரும் என்பார்கள். பட்டப்பெயர் வந்தால் என்ன? ஒன்பதாம் வகுப்புக் கடைசி பெஞ்ச் இரண்டு எழுத்தில் வைக்கும் பெயரில் இருக்கும் மதிப்பீடு, இந்தத் தாளின் இருபது வரியில் இல்லை. சங்கப் பகை உண்மைதான். அதனால்தான் அபிப்பிராயத்தைக் கேட்கக் கூடாது, நடந்ததைக் கேட்க வேண்டும். இந்த வருடம் எந்த வேலையை முழுதாக யாரிடம் விட்டீர்கள்? அவர் அதில் தப்பு செய்தபோது நீங்கள் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டீர்களா? நீங்கள் இல்லாத நாளில் பள்ளியில் எது நின்றது? இந்த மூன்றுக்கும் பதிலை அலுவலக உதவியாளரே சரிபார்த்துச் சொல்லிவிடுவார். நம் சார் எழுதிய பதிலுக்குப் பக்கத்தில் அவரும் ஒரு டிக்கோ, இன்டுவோ போட்டால் போதும்.