குன்றத்தூர்த் தொட்டிக் கடலில் பாசம்: ஒரு மூன்று ஷிப்ட் ஆய்வு

குன்றத்தூரில் கடல் கிடையாது. இதை நிறுவப் பெரிய சான்று தேவையில்லை. நேர்கோட்டில் அளந்தாலும் கடற்கரை சுமார் 20 கிலோமீட்டர். ஊர்ப்பக்கத்தில் உள்ள பெரிய தண்ணீர் செம்பரம்பாக்கம் ஏரி, 24 அடி ஆழம். ஆயினும் ஒரகடத்தில் ஷிப்ட் பார்க்கும் இந்த ஆய்வாளன் வீட்டு ஹாலில், டிவி இருந்த இடத்தில், மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் அதே உயரமும் கொண்ட கடல் ஒன்று ஐந்து மாதமாக இருந்துவருகிறது. கல்லும் மணலும் போகக் கொள்ளளவு 160 லிட்டர். லிட்டருக்கு 35 கிராம் வீதம் கரைந்துள்ள உப்பு 5.6 கிலோ. "அந்த உப்புல நாலு வருஷத்துக்கு ஊறுகாய் போட்டிருக்கலாங்க" என்பது என் மனைவியின் கருத்து. அது இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

அத்தொட்டியில் பாசி ஏன் வந்தது, வந்தது ஏன் போகவில்லை என்பதே ஆராயப்படும் பொருள்.

முதலில் சொல். பாசி, பசுமை, பசலை, பாசிப்பயறு எல்லாம் ஒரே வேரின் பிள்ளைகள். நோன்புக் காலத்தில் கிண்ணத்தில் குளிர்ந்து நடுங்கும் கடல்பாசியும் இந்தக் குடும்பம்தான். பேச்சுவழக்கில் இதற்கே பாசம் என்றும் பெயர். வழுக்கி விழுந்த எவரும் "பாசம் வழுக்கிடுச்சு" என்றுதான் சொல்வார். சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என்று மூன்றாக வகுக்கிறது. சேக்கிழார் பிறந்த ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விடுவது முறையல்ல. என் தொட்டியில் பதி நான், பசு இரண்டு கோமாளி மீன்கள், பாசம் கண்ணாடியில். மூன்றும் அநாதி என்கிறது சித்தாந்தம். என் தொட்டியில் மூன்றாவதற்கு மட்டும் தொடக்கத் தேதி உண்டு: பதினோராவது நாள்.

முன்னோர் ஆய்வுகளில் தலையாயது குறுந்தொகையின் 399-ஆம் பாடல். பரணர் அதில் கேணிப் பாசியைத் தலைவியின் பசலைக்கு உவமை ஆக்குகிறார். தொடும்போதெல்லாம் விலகும், விட்டதும் வந்து மூடும் என்ற அந்தக் கவனிப்பை நான் பழைய டூத் பிரஷ்ஷால் நாற்பது முறை சோதித்தேன். நாற்பது முறையும் பரணரே வென்றார். பிற்காலத்தில் சென்னை இத்துறையின் தலைநகராகவே விளங்கியது. இந்தியப் பாசியியலின் தந்தை எனப்படும் எம்.ஓ.பி. அய்யங்கார் சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரர். மண்டபம் பக்கத்துக் குருசடைத் தீவின் பாசிகளைப் பற்றி 1927-இலேயே எழுதியவர். அதே பல்கலைக்கழகத்தின் டி.வி. தேசிகாச்சாரி 1959-இல் நீலப்பச்சைப் பாசிகளுக்கென்றே ஒரு பெருநூல் வெளியிட்டார். இத்தனை பேர் உழைத்த ஊருக்குப் பக்கத்தில் இருந்தும் எனக்குக் கிடைத்த முதல் ஆலோசனை மீன்கடைக்காரர் சொன்னது: "சார், ஒண்ணும் பண்ணாதீங்க. தானா வந்துச்சு, தானா போகும்." அவர் சொன்னது முக்கால்வாசி சரி என்பது இப்போது தெரிகிறது. அப்போது மிச்சக் கால்வாசிக்கு மட்டும் மூன்று பாட்டில் மருந்து வாங்கினேன்.

அடுத்து பருவங்கள். சேக்கிழார் மேல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பிள்ளைத்தமிழ் பாடியிருப்பதால், வகைப்பாட்டை அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறேன். காப்புப் பருவம்: மணல்மேல் காப்பித்தூள் தூவியது போன்ற பழுப்பு. இது டயாட்டம். கண்ணாடிக்கு ஒப்பான சிலிக்கா ஓடு கட்டிக்கொள்ளும் நுண்ணுயிர். தண்ணீரில் சிலிக்கேட் தீர்ந்ததும் தானே அடங்கிவிடும். சிலிக்கேட் எங்கிருந்து வந்தது? இருபது லிட்டர் கேனிலிருந்து வந்திருக்க வேண்டும். டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்தால் 62. மனிதருக்கு அது நல்ல தண்ணீர். பவளத்தொட்டிக்குப் பூஜ்யம் காட்ட வேண்டும்.

செங்கீரைப் பருவம்: குழந்தை தலை நிமிர்த்தி ஆடுவது போல, கல்லின்மேல் விரல்நீளப் பச்சை மயிர் நீரோட்டத்தில் ஆடும். பார்க்க அழகு, பிடுங்கினால் அடி கல்லோடு நிற்கும். சப்பாணிப் பருவம்: மெரூன் வெல்வெட் விரித்தது போல மணலை மூடும் சளி, அதனுள் குமிழிகள். இதைத்தான் நீலப்பச்சைப் பாசி என்கிறார்கள். அது என் தொட்டியில் நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. நுணுகிப் பார்த்தால் பாசியும் இல்லை, பாக்டீரியா. இவ்வளவு பொய்யான முகவரியோடு வேறு எந்த உயிரும் ரேஷன் கார்டு வாங்க முடியாது.

அம்புலிப் பருவம் என் மகன் நீல விளக்குப் போட்டு ரசிப்பதைக் குறிக்கும். பின்னால் வருவோம்.

தொட்டியில் பவளம் எங்கே என்று கேட்கக் கூடும். கடினப் பவளங்கள் அனைத்தும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன, புலிக்குள்ள அந்தஸ்து. ஆகவே என் பவளத்திட்டு சுட்ட பீங்கான் கல். அதன்மேல் உண்மையாக முளைத்த ஒரே பொருள் பாசி.

இனி முறையியல். எங்கள் தொழிற்சாலையில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்தாலும் மீன்முள் படம் வரைவோம். மீன் தொட்டிக்கு மீன்முள் வரைந்த முதல் ஆள் நானாக இருக்கலாம். முள்ளுக்கு ஒரு காரணம்: தண்ணீர், தீனி, வெளிச்சம், ஓட்டம், ஆள். பிறகு ஐந்து ஏன்.

ஏன் பாசி? பாஸ்பேட் இருக்க வேண்டும். ஆனால் சோதனைக் கிட் பூஜ்யம் காட்டியது. இங்கே ஒரு வாரம் தடம் புரண்டேன். பிறகுதான் விளங்கியது: ஆடிட் நாளன்று ஷாப் ஃப்ளோர் பளபளப்பது போல, தண்ணீரில் பாஸ்பேட் இல்லாததற்குக் காரணம் அது முழுக்கப் பாசியின் வயிற்றில் இருந்ததுதான். ரெட்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் கடல் நுண்ணுயிர்களை ஆராய்ந்து கண்ட விகிதப்படி, ஒரு பாஸ்பரஸ் அணு கிடைத்தால் 16 நைட்ரஜனையும் 106 கார்பனையும் சேர்த்து உடம்பு கட்டிக்கொள்ளலாம். சிட்டிகை போதும் என்று பொருள்.

ஏன் பாஸ்பேட்? தீனி மிஞ்சுகிறது. ஏன் மிஞ்சுகிறது? நான் போடும் அளவு இரண்டு மீனுக்குச் சரியாகத்தான் இருந்தது. அப்படியானால் ஏன்? ஒருநாள், அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரின் கப்பில் வெள்ளையாக ஏதோ மிதந்தது. எடுத்து விரலில் நசுக்கினேன். பொரி.

அம்மா மறுக்கவில்லை. "கோயில் குளத்து மீனுக்குப் போடுறோம், நம்ம வீட்டு மீனைப் பட்டினி போடணுமாடா?" என்றாள். காரணக் கட்டத்தில் ஆள் பெயர் எழுதக் கூடாது, முறையின் குறைதான் எழுத வேண்டும் என்பது குவாலிட்டி டிபார்ட்மென்ட் வேதம். ஆகவே 'கோயில் குளத்து நடைமுறை' என்று எழுதி மூடினேன்.

ஆனாலும் பாசி குறையவில்லை. அப்போதுதான் வெளிச்சத்துக்கு ஒரு பதிவேடு வைத்தேன். இவ்வாய்வின் சொந்தக் கண்டுபிடிப்பு இதுவே. காலை ஐந்தரைக்கு அம்மா கோலம் போட எழுந்து, "இருட்டுல கெடக்குதுங்களே" என்று விளக்கைப் போடுவாள். ஏழேகாலுக்கு நைட் ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, பத்து நிமிடம் மீனைப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. பார்த்துக்கொண்டே சோபாவில் தூங்கிவிடுவதால் விளக்கு மதியம் வரை எரியும். நாலரைக்கு மகன் பள்ளி விட்டு வந்து அம்புலிப் பருவம். ஒன்பதுக்கு மேல் டிவி இல்லாத வீட்டில் என் மனைவி எதைப் பார்ப்பாள்? கூட்டினால் பதினேழு மணிநேரம். இத்தகைய தொட்டிக்கு எட்டு மணிநேரமே ஏராளம்.

அதாவது ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை தொழிற்சாலைகளில் எப்படியோ, அப்படியே என் ஹாலிலும் மூன்று ஷிப்ட் ஓடியிருக்கிறது. லீவு இல்லை, ஓவர்டைம் கேட்கவில்லை, கேன்டீனில் பொரி. எந்தத் தொழிலாளியும் இந்த நிலையில் உற்பத்தியைக் கூட்டத்தான் செய்வான். வீட்டில் ஒருவரும் தொட்டிக்குக் கெடுதல் நினைக்கவில்லை. நாலு பேரும் பாசத்தோடுதான் விளக்குப் போட்டோம். கண்ணாடியில் வழுக்கும் பாசமும் மனதில் இருக்கும் பாசமும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

கடலுக்கே இந்த வம்பு உண்டு. பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கப்பாபைகஸ் என்ற பாசியை மண்டபம் பகுதியில் வளர்ப்புக்கு விட, அது குருசடையில் உயிருள்ள பவளத்தின்மேல் ஏறியதை 2008-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். வனத்துறையினர் அதைக் கையாலேயே பிய்த்தெடுக்க வேண்டியிருந்தது. டூத் பிரஷ்ஷோடு நிற்கும் எனக்கு அவர்கள் சொந்தக்காரர்கள். மறுபக்கம், ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127 கோடிக்குக் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டினார்கள். இந்தச் செய்தியை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "அவங்களுக்கு நம்ம தொட்டியக் கொடுத்துடலாமா?" என்றாள்.

பரிகாரம் சுருக்கமானது. வாரம் பதினாறு லிட்டர் தண்ணீர் மாற்றம், அதற்கென்று டி.டி.எஸ். பூஜ்யம் காட்டும் வடிகட்டி, ஆறு டர்போ நத்தை. நத்தைகளைப் பற்றி ஒரு குறிப்பு: சில மல்லாந்து விழுந்தால் தானாகப் புரளத் தெரியாமல் அப்படியே செத்துப்போகும். நைட் ஷிப்ட் இல்லாத நாட்களில் இரவு இரண்டு மணிக்கு எழுந்து, தோள்வரை உப்புத்தண்ணீரில் கைவிட்டு, ஒரு நத்தையைக் குப்புறப் போட்டுவிட்டுத் துண்டால் துடைத்துக்கொண்டு மறுபடி படுக்கிறேன். பாசியைத் தின்னத்தான் இவற்றை வாங்கினேன். வேலைக்காரனுக்கு வேலைக்காரன் ஆனது எப்படி என்பது தனி ஆய்வுக்குரியது.

முக்கியமான மருந்து, கடைத்தெருவில் வாங்கிய டைமர். மதியம் இரண்டு முதல் இரவு பத்து வரை. தொட்டிக்கு இப்போது செகண்ட் ஷிப்ட் மட்டும். ஆறு வாரத்தில் பச்சை மயிர் வெளுத்து உதிர்ந்தது. மெரூன் வெல்வெட் ஒரு மூலைக்குச் சுருங்கியது.

போன செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது ஹால் இருட்டு, தொட்டி இருட்டு. அம்மா செல்போன் டார்ச்சைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்து நின்றாள். மகன் இன்னொரு டார்ச். மனைவி அடுப்பிலிருந்து எட்டிப் பார்த்து, "பம்பு மூக்குல பாருங்க" என்றாள். மிளகளவு ஊதா நிறப் புள்ளி: சுண்ணாம்புப் பாசி, தொட்டி பழகிவருகிறது என்பதற்கு அடையாளம். நானும் என் போனை எடுத்தேன். எவ்வளவு நேரம் நின்றோம் என்று பதிவேட்டில் எழுதவில்லை.