அச்சிட்டவர் பெயரும் முகவரியும்

மலேசியாவின் செலாயாங் மருத்துவமனை 1999இல் திறக்கப்பட்டபோது, காகிதமே இல்லாத மருத்துவமனை என்று அதைப் பெருமையாகச் சொன்னார்கள். சீட்டு, எக்ஸ்ரே படம், மருந்துப் பட்டியல் எல்லாமே கணினிக்குள். காகிதத்தைத் தவிர வேறெதையும் நம்பாத என் பழைய முதலாளி தம் கடைசி நாள்களை அங்கேதான் கழித்தார்.

"என்னையப் பத்தி எங்கயாச்சும் எழுதி வெச்சிருக்காங்களா தம்பி?" என்று ஒரு மாலை கேட்டார்.

"கம்ப்யூட்டர்ல இருக்குங்கய்யா."

"யாரு புரூப் பார்த்தா?"

அவருடைய அச்சகம் செலாயாங் பாருவில், ஒரு கடைவீட்டின் பின்கட்டில் இருந்தது. ஐந்தாம் படிவம் முடித்த கையோடு, எண்பதுகளில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் ரசீதுப் புத்தகம், கருமக்கிரியை கார்டு ஆகியவைதான் தொழில். பத்துமலை கூப்பிடு தூரத்தில் இருந்ததால், தை பிறந்தால் தண்ணீர்ப்பந்தல் நோட்டீஸ்கள் குவியும். முருகன்தான் எங்கள் பெரிய வாடிக்கையாளர். அவர் கணக்கிலும் கடன்தான். 2006இல் 140 அடி உயரத்துக்குச் சிலை எழும்பியபோது, "பழைய பாக்கிய இனிமே அண்ணாந்து பார்த்துதான் கேக்கணும்" என்றார் முதலாளி.

அன்று எங்களுக்கு இருந்த பெரிய பஞ்சம் எழுத்துப் பஞ்சம். ஈய எழுத்துகள் அறை அறையாகப் பிரித்த மரப்பெட்டிகளில் கிடக்கும். கோர்த்து, அச்சடித்து, பிரித்து மறுபடியும் அதே அறையில் போட்டால்தான் அடுத்த வேலை நடக்கும். தை மாதத்தில் பொங்கல், தைப்பூசம், கல்யாணம் மூன்றும் ஒன்றாக வரும். வாழ்த்து, விழா, அழைப்பிதழ் என்று எல்லாருக்கும் ழகரம் வேண்டும். பெட்டியில் ழகரம் தீர்ந்துவிட்டால் முதலாளி அசரமாட்டார், வாசகத்தை மாற்றிவிடுவார். அழைப்பிதழ் பத்திரிகை ஆகிவிடும், வாழ்த்து நல்லாசி ஆகிவிடும். அந்தக் காலத்தில் செலாயாங் வட்டாரத்தில் தை கடைசியில் கல்யாணம் செய்தவர்கள் பலர் வாழ்த்தே பெறாமல் நல்லாசியோடு குடும்பம் நடத்தியவர்கள்.

நினைவஞ்சலிக் கவிதையும் அவரே எழுதுவார். அதற்குக் காசு வாங்கமாட்டார், கேள்விதான் கேட்பார். "அப்பா நெசமாவே நல்லவரா, இல்ல நோட்டீஸ்ல மட்டும் நல்லவரா?" சாவு வீட்டிலிருந்து வந்தவர்கள் முதலில் விழிப்பார்கள். பிறகு மூத்த மகன் மெல்லச் சிரிப்பார். பேச்சு அரைமணி நேரம் ஓடும். அதிலிருந்து நான்கு வரி எடுத்து எழுதித் தருவார். குடிகாரத் தகப்பனை 'கூடிக் களித்தவர்' என்பார், கஞ்சனை 'நாளை எண்ணி வாழ்ந்தவர்' என்பார். பொய் இருக்காது, சண்டையும் வராது.

எதை அச்சடித்தாலும் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் முகவரியும் இருக்கும். 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி அச்சகம் நடத்த உரிமம் வேண்டும், அதை அன்று ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டியிருந்தது, வெளியீடுகளில் அச்சிட்டவர் பெயர் முகவரியைத் தேசிய மொழியிலோ ஆங்கிலத்திலோ போடவேண்டும். ஆகவே எங்கள் தமிழ் நோட்டீஸ்களில் 'டிசெத்தாக் ஓலே' என்ற அந்த ஒரு வரி மட்டும் மலாயில் இருக்கும். அரசாங்கம் கேட்டது வெளியீடுகளுக்கு. முதலாளி மொய்க் கவருக்கும் போட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "தப்பு இருந்தா எங்க வந்து திட்டணும்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?" என்றார்.

வந்தும் திட்டினார்கள். மாப்பிள்ளை பெயரில் ஒரு கால் விட்டுப்போனது, சம்பந்தியின் பட்டம் விட்டுப்போனது என்று கத்திக்கொண்டே படியேறுவார்கள். "பசியாறிட்டீங்களா?" என்று நாற்காலியை இழுத்துப் போடுவார். தேநீர் வரும். குறை எங்கள் பக்கம் என்றால் இரவோடு இரவாகப் புதிதாக அடித்துத் தருவார். அவர்கள் எழுதித் தந்ததே பிழை என்றால் அவர்கள் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து மேசைமேல் வைப்பார், ஒன்றும் பேசமாட்டார். அவருடைய நண்பர்களில் பாதிப் பேர் அப்படித் திட்ட வந்தவர்கள்தான்.

பிறகு கணினி வந்தது. கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் எண்பதுகளின் நடுவிலேயே உருவாக்கத் தொடங்கிய முரசு மென்பொருள், தொண்ணூறுகளில் எங்கள் மேசைக்கும் வந்து சேர்ந்தது. முதலாளி மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"இதுல ழ எத்தன இருக்கு?"

"எத்தன வேணும்னாலும் இருக்குங்க முதலாளி."

"அப்ப இனிமே ஒருத்தனும் பார்த்து எழுதமாட்டான்."

ஈயத்தை எடைக்குப் போட்டோம். சில ஆண்டுகளில் அச்சகமும் மூடியது. ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்கும் விதியை 2012இல் அரசாங்கம் எடுத்தது. அதற்குள் இவர் பலகையையே எடுத்துவிட்டிருந்தார். நான் வேறு வேலைக்குப் போனேன், அவர் முதலாளி என்பதிலிருந்து ஐயாவானார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒட்டுக்கடையில் சந்திப்போம். ஒரு நாளும் என்னைக் காசு கொடுக்க விட்டதில்லை. "உன் சம்பளத்துல பிடிச்சுக்கிறேன்" என்பார். சம்பளம் நின்று எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பிடித்தம் மட்டும் தொடர்ந்தது.

1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றபோது, அந்த ஒட்டுக்கடையில் அவர் கேட்டது நினைவிருக்கிறது. "94 வயசுல போயிருக்கு. ஊருக்கெல்லாம் நினைவஞ்சலி போட்ட பேப்பர். அதுக்கு யாரு, எந்தப் பேப்பர்ல போடுறது?" பக்கத்து மேசையில் யாரோ கைத்தொலைபேசியில் செய்தி படித்துக்கொண்டிருந்தார். இவர் அவரையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

2020 ஏப்ரலில், கொவிட் பரவியதால், செலாயாங் மொத்தச் சந்தையைச் சுற்றிய பகுதிகளை முள்கம்பி போட்டு அடைத்தார்கள். இராணுவம் நின்றது. வீட்டுக்குள் இருந்த ஐயாவுக்குப் பேரன் வாட்ஸ்அப் போட்டுக் கொடுத்திருந்தான். வேப்பிலை, வெந்நீர், நாளை கடையெல்லாம் மூடப்போகிறார்கள் என்று ஓயாமல் செய்திகள். ஒவ்வொன்றாக என்னிடம் படித்துக் காட்டிவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்: "இத யாரு அடிச்சது? அடியில பேரே இல்லையே!" முன்பு தண்ணீர்ப்பந்தல் நோட்டீசுக்குக்கூட ஒரு மனிதர் உரிமத்தோடு நின்று பதில் சொன்னார். இப்போது ஊரையே நடுங்க வைக்கும் செய்திக்குச் சொந்தக்காரர் கிடையாது. 'எனக்கு வந்தது, அனுப்பினேன்' என்பார்கள்.

அவருடைய மரணச் செய்தியும் அப்படித்தான் வந்தது. இரண்டு தாமரை, ஒரு விளக்கு, மங்கலான படம். வயதில் மூன்று கூடியிருந்தது. 'ஆழ்ந்த இறங்கல்' என்று போட்டிருந்தது. வாழ்நாள் முழுக்க வல்லின றகரத்தை அடித்து இடையின ரகரம் போட்டுக்கொண்டிருந்தவர், சிவப்புப் பேனா இல்லாமல் மின்சுடலைக்குப் போனார். யார் செய்தது என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். கைகூப்பிய படங்கள்தான் பதிலாக வந்தன. ழகரம் மட்டும் சரியாக இருந்தது. பஞ்சம்தான் இல்லையே.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நானே ஒரு நினைவஞ்சலி எழுதினேன். நல்லவரா, நோட்டீஸில் மட்டும் நல்லவரா என்று அவருடைய மகனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். "கடன் குடுத்தா திருப்பிக் கேக்கமாட்டாரு. அம்மாவுக்கு அதான் கோவம்" என்றார் மகன். அது முதல் வரியானது. வீட்டில் அச்சுக்கு ஆள் இல்லை, குழுவில்தான் போட்டேன். ஆனால் அடியில் என் பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றையும் சேர்த்தேன்.

அன்றே அழைப்புகள் வந்தன. ரவாங்கிலிருந்து ஒருவர், அந்த அச்சகத்தின் முதல் வாடிக்கையாளர் தாம்தான் என்றார். கெப்போங்கிலிருந்து இன்னொருவர் அதையே சொன்னார். இருவரும் முதலில் சண்டை போடத்தான் போனார்களாம். ஓர் அம்மா தம் கல்யாணப் பத்திரிகையை இன்னும் வைத்திருப்பதாகச் சொல்லி, அதில் வாழ்த்து என்ற சொல்லே இல்லை என்று இத்தனை ஆண்டுகள் கழித்து என்னைத் திட்டினார். நான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன், முகவரி போட்டதற்கு அதுதானே கூலி.

கடைசியாக ஒரு பெரியவர் அழைத்தார். அனுதாபம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, பேத்திக்கு ஆவணியில் கல்யாணம், முந்நூறு கார்டு அடிக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.

அச்சகம் மூடிப் பல காலமாகிவிட்டது என்றேன்.

"அப்புறம் எதுக்குத் தம்பி அட்ரஸ் போட்டீங்க?" என்றார்.