பெட்டிமீனு படிச்ச பாடம்

ஏப்பா பேராண்டி, டிசைன் படிக்கப் போன எடத்துல ‘இயற்கையே குரு’ன்னு சொல்லிக் குடுத்தாகளாம்ல? ரொம்பச் சந்தோசம். போடியில பொறந்து, கண்ணு முழிச்சா மலையப் பாத்து வளந்த பயலுக்கு இதைச் சொல்ல ஒரு காலேசு, அதுக்கு லட்ச ரூவா பீசு!

சரி, குருகிட்ட என்னத்தக் கத்துக்கிட்ட? எலை மாதிரி ஒரு ஃபேனு படம் காட்டுன. நரம்பு கூட அச்சு அசலா இருந்துச்சு. காத்து வருமான்னு கேட்டேன். ‘கான்செப்ட், தாத்தா’ன்ன. சித்திரை வெக்கையில கான்செப்ட்ட விசிறிக்கிட்டா தூங்குவ?

உன்னைச் சொல்லிக் குத்தமில்ல. பெரிய பெரிய கம்பெனியே இப்படித்தான். 2005-ல பென்ஸ்காரன் பெட்டிமீனுன்னு ஒரு மீனு சாயல்ல ஒரு காரு செஞ்சு காட்டுனான். விக்கிறதுக்கில்ல, காட்டுறதுக்கு. காரு காத்த நல்லாத்தான் கிழிச்சுச்சு. பத்து வருசம் கழிச்சு அந்த மீனோட உருவத்தையே சோதிச்சுப் பாத்தாக. தண்ணியக் கிழிக்கிறதுல அது ஒண்ணும் சூரன் இல்லையாம்! சிஷ்யனுக்குத் தெரிஞ்ச வித்தை குருவுக்குத் தெரியல பாரு.

அதே காருல சத்தமில்லாம ஒரு நல்ல காரியமும் நடந்துச்சு. எலும்பு, பாரம் விழுற எடத்துல தடிக்கும்; விழாத எடத்துல மெலியும். மரமும் காத்து எங்க வளைக்குதோ அங்க கட்டை போட்டுக்கிரும். ஜெர்மனியில கிளவுஸ் மாத்தெக்குன்னு ஒருத்தரு இந்தக் கணக்கக் கம்ப்யூட்டருக்குக் கத்துக் குடுத்தாரு. அதை வச்சு வேலையத்த இரும்பையெல்லாம் கழிச்சதுல, காருக் கூடு எடை மூணுல ஒரு பங்கு போல கொறஞ்சுச்சு. வலு கொறையல. ஆனா இது போட்டோவுல விழாதே! மீனு மூஞ்சிதானே விழும்?

உருவத்தப் பாக்காத. எப்படி வளருதுன்னு பாரு. எங்க பாக்கன்னு கேக்குறியா? போடிமெட்டுக்கு மேல ஏறு, ஏலக்காட்டுல நில்லு.

ஆள் ஒசரத்துக்கு மேல தட்டை நிக்குதுல்ல, அது தண்டுன்னு நெனைக்கிறியாக்கும். குறுக்க வெட்டிப் பாரு. எலையோட அடிமடல் ஒண்ணுக்குள்ள ஒண்ணாச் சுருண்டு நிக்கும். நெசத் தண்டு மண்ணுக்குள்ள கெழங்காக் கெடக்கு. கட்டையே இல்லாம வெறும் மடலச் சுருட்டி இம்புட்டு ஒசரம் நிக்குதே, எந்த இஞ்சினீயரு வரைஞ்சு குடுத்தான்?

வாழையும் மடல் சுருட்டுற சாதிதான். ஆனா தாரை உச்சியில தள்ளிட்டுச் சாயும். நாமதான் முட்டுக் குடுக்கணும். ஏலம் வெவரமானது. காய்க்கிற சரத்தத் தூருலயே விட்டுருது. நம்ம பக்கத்து ரகம் சிலதுல சரம் மண்ணோட படுத்தே கெடக்கும். தாங்க மாட்டாத தட்டை மேல பாரத்த ஏத்தவே இல்ல. முட்டு எதுக்கு? உன் வாத்தியாரு இதைப் பாத்திருந்தா ஒரு வருசம் பாடம் நடத்தியிருப்பாரு.

இன்னொண்ணு. சரத்துல அடியில பழுத்த காய் இருக்கும், அதுக்கு அங்கிட்டுப் பிஞ்சு, நுனியில பூவு. எல்லாம் ஒரே நேரத்துல. அதான் நம்ம பொம்பளையாளுக முப்பது, நாப்பது நாளைக்கு ஒருக்கா குத்த வச்சு, வெளஞ்சதை மட்டும் கிள்ளி எடுக்குறாக. அஞ்சு கிலோ பச்சைக் காய் காஞ்சா ஒரு கிலோ. பிஞ்சைப் பறிச்சா அதுவும் தேறாது. நீங்களோ, பாதி வெந்ததை ஊரெல்லாம் வித்துட்டு அப்புறம் ‘அப்டேட்’டுங்கிறீக.

நாளைக்கு விடியக்காலம் மெட்டுக்குப் போற ஜீப்புல ஏறு. லேப்டாப்ப வீட்டுல வச்சுட்டு ஒரு கத்தி கொண்டா. காட்டுல அட்டை ஏறும், காலுக்கு உப்புத் தடவிக்க. அப்புறம், முன் சீட்டு எனக்கு.