பிள்ளை படிக்காமல் இருக்க நல்ல வழி

என்ன தம்பி, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு? மகன் புத்தகத்தைத் தொடவே மாட்டேங்கிறானா? நல்ல சேதிதானே! அதுக்காக நீ பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா? கண்ணாடிக் கதவு வச்ச அலமாரி வாங்கினே. உள்ளே தடித்தடியா அறிவுப் புத்தகமா அடுக்கினே. கை பட்டா அழுக்காயிடும்னு பூட்டும் போட்டே. சாவி சாமி படத்துக்குப் பின்னாலே இருக்கு. அப்புறம் தினம் ராத்திரி கைப்பேசியிலே நாலு நம்பர் ரிசல்ட்டைப் பார்த்துக்கிட்டே "டேய், போய்ப் படிடா"ன்னு கத்துறே. இவ்வளவுக்குப் பிறகும் பையனுக்குப் படிப்பு கசக்கலேன்னா அவன்கிட்டேதான் ஏதோ கோளாறு.

போதாதுன்னா நான் இன்னும் ரெண்டு வழி சொல்றேன். ஒவ்வொரு கதை முடிஞ்சதும், "இதிலேருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?"ன்னு கேளு. வயித்துக்குள்ளே போன சோறு மறுபடி தட்டுக்கு வர்ற மாதிரி இருக்கும் அவனுக்கு. இன்னொண்ணு, கணக்கு வை. பள்ளிக்கூடத்திலே நீலம்னு ஒரு திட்டம் கொண்டாந்தாங்க பாரு, எண்ணம் நல்ல எண்ணந்தான். படிச்ச புத்தகத்தைப் பத்திக் குறிப்பு எழுதணும், வாத்தியார் பார்த்துக் கையெழுத்துப் போடுவார், எண்ணிக்கை கூடக்கூடப் பாராட்டு. நம்ம பிள்ளைங்க சூட்டிகையாச்சே! பின்னட்டையிலே இருக்கிறதை அப்படியே எழுதி, ஒரே மத்தியானத்திலே ஒரு அலமாரியை முடிச்சிடுங்க. நடுப்பக்கத்திலே விரல் ரேகை இருக்காது.

நாங்க எப்படிப் படிச்சோம்னு கேக்குறியா? அறிவு வளரணும்னு படிச்சவன் எங்க தோட்டத்திலே ஒருத்தன்கூட இல்லே.

கிரியான் பக்கம் நம்மாளுங்க முதல்லே வந்தது கரும்புத் தோட்டத்துக்கு. கித்தா, அதான் ரப்பர், அப்புறந்தான். பள்ளி வயசிலே பத்துப் பிள்ளை இருந்தா தோட்டத்திலே பள்ளிக்கூடம் வைக்கணும்னு 1923-லே தொழிலாளர் சட்டம் வந்துச்சு. தொரைமாருங்க சட்டத்தை மீறலாமா? ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், ஆறு வகுப்பு. சில தோட்டத்திலே கிராணிதான் வாத்தியார், சில தோட்டத்திலே கங்காணி. எல்லாரும் ஒண்ணாக் கத்துவோம். எவன் வாசிக்கிறான், எவன் வாயை மட்டும் அசைக்கிறான்னு அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். நான் வாயசைச்ச கூட்டம்.

எனக்குப் படிக்கச் சொல்லிக் கொடுத்தது லயத்துக் கண்ணாடித் தாத்தா. அவர் யாருக்கும் எதுவும் சொல்லிக் கொடுத்ததில்லே, அதான் விசேஷம். அவர்கிட்டே ஒரு தகரப்பெட்டி, அதுக்குள்ளே மெட்ராஸ் அச்சுப் பெரிய எழுத்துப் புத்தகங்க. ராத்திரியிலே மண்ணெண்ணெய் விளக்கை வச்சுக்கிட்டு ராகம் போட்டு வாசிப்பார். கித்தாப் பால் நாத்தம் போகாத கையோட பொம்பளைங்க எல்லாம் சுத்தி உக்காந்திருப்பாங்க. விடிகாலையிலே பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நிக்கணும், இருந்தாலும் எந்திரிச்சுப் போக மாட்டாங்க.

அன்னிக்கு நல்லதங்காள் கதை. பஞ்சம் வந்தாச்சு, அண்ணன் வீட்டுக்குப் போயாச்சு, அண்ணிக்காரி பேசக் கூடாததெல்லாம் பேசியாச்சு, கிணத்தடியிலே வந்து நிக்கிறா. ஏழு பிள்ளை. ஒண்ணைத் தூக்கிப் போட்டா. ரெண்டாவதையும் போட்டா. மூணாவதை அவ இழுக்கிற நேரம், தாத்தா பட்டுனு புத்தகத்தை மூடிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழட்டி வேட்டி முனையிலே துடைக்க ஆரம்பிச்சிட்டார். "தொண்டை காஞ்சு போச்சு. மிச்சம் நாளைக்கு."

ஒரு பெரியம்மா எந்திரிச்சு, "யோவ் கிழவா, நீ நல்லா இருப்பியா? அந்தப் பிள்ளைக்கு என்னாச்சுன்னு சொல்லிட்டுத் தொலை"ன்னு மண்ணை வாரி இறைக்காத குறை. காப்பி வந்துச்சு, முறுக்கு வந்துச்சு. மனுஷன் ரெண்டையும் சாப்பிட்டுட்டு, ஏப்பம் விட்டுட்டுப் படுத்துட்டார்.

எனக்குத் தூக்கம் வருமா? மறுநாள் அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து உள்ளே புகுந்தேன். பெட்டிக்குப் பூட்டு இல்லே. சரியா அந்தப் பக்கத்திலே ஒரு கித்தா இலை, அடையாளமா. எடுத்துக்கிட்டு ஓடி, தண்ணித் தொட்டிக்குப் பின்னாலே குந்திக்கிட்டு எழுத்தெழுத்தாக் கூட்டினேன். ரெண்டு வரியைத் தாண்டுறதுக்குள்ளே வேர்த்துக் கொட்டிருச்சு. மூணாவது பிள்ளை கதை தெரிஞ்சுது. அப்போ நாலாவது? நாளுக்கு ஒரு பிள்ளையாத் திருட்டுத்தனமாப் படிச்சு, ஏழும் கிணத்துக்குள்ளே போறதுக்குள்ளே எனக்கு வாசிக்க வந்திருச்சு. அந்த இலையைக் கிழவர் வேணும்னேதான் வச்சாரோ என்னமோ, கேக்கலாம்னு எனக்குப் புத்தி வர்றதுக்குள்ளே அவர் ஊருக்குக் கப்பலேறிட்டார்.

அதுக்கப்புறம் என் கண்ணுக்குத் தப்பின தாளே இல்லே. 1924-லே நரசிம்ம ஐயங்கார் தொடங்கின தமிழ் நேசன், 1935-லே சிங்கப்பூர்லே சாரங்கபாணி தொடங்கின தமிழ் முரசு, ரெண்டும் காப்பிக்கடைக்கு வரும். வாசிக்கிறது ஒருத்தர், கேக்குறது இருபது பேர். வாசிக்கிறவருக்குத் தண்ணி இனாம். அந்த இனாம் தண்ணிக்கு ஆசைப்பட்டுப் படிக்கப் பழகினவங்களை எனக்குத் தெரியும், பேரு சொல்ல மாட்டேன். 1950-லே நேசன் கதை வகுப்பே நடத்துச்சு. முரசு, பிள்ளைங்களுக்குன்னு மாணவர் மணி மன்றம் வச்சுது. தன் பேரு அச்சிலே வந்திருக்கான்னு தேடித்தேடியே எத்தனையோ பையனுங்க எழுத்தாளரா ஆயிட்டானுங்க. நேசன் 2019-லே நின்னு போச்சு. அன்னிக்கு ரொம்ப வருத்தப்பட்டவங்கள்லே நீயும் ஒருத்தன். காசு கொடுத்து வாங்கினியான்னு நான் கேக்கலே.

கல்கியிலே 1950-லேருந்து 54 வரைக்கும் பொன்னியின் செல்வன் தொடரா வந்துச்சு. கிராணி வீட்டிலேருந்து அந்தப் புத்தகம் லயத்துக்கு வர்றதுக்குள்ளே அட்டை போயிருக்கும், நடுவிலே நாலு தாளும் போயிருக்கும். அந்த நாலு தாள்லே என்ன நடந்திருக்கும்னு ஆளுக்கு ஒரு கதை கட்டுவோம். இப்ப நினைச்சா, கல்கி எழுதினது எது, எங்க பெரியப்பா எழுதினது எதுன்னு எனக்கே குழப்பம். கச்சாங் பூத்தே மடிச்சுக் கொடுக்கிற பொட்டலத்தைக்கூட விட்டதில்லே. ஈப்போ புந்தோங்கிலே கடலைக்கு எவ்வளவு பேரோ, எனக்குப் பொட்டலத் தாளுக்கு அவ்வளவு மரியாதை. பாதிக் கொலை இருக்கும், கொலைகாரன் இருக்க மாட்டான். மீதித் தாளு கிடைக்குமான்னு இன்னொரு பொட்டலம் வாங்கி வயித்தாலே போனதுண்டு.

சிரிக்காதே. நம்ம பாரிட் புந்தார்லே ஆகக் கூடுதலா புரட்டப்பட்ட புத்தகம் எதுங்கிறே? கனாவுக்கு நம்பர் பார்க்கிற படப் புத்தகம். முனை மடங்கி, எண்ணெய்க் கறை ஏறி, ஒட்டுக்கடையிலே தொங்கும். ராத்திரி கனாவிலே ஆமை வந்துச்சுன்னா விடிஞ்சதும் கண்ணைச் சுருக்கிக்கிட்டுத் தேடாத ஆளு உண்டா? "நீ போய்ப் படி"ன்னு யாராச்சும் அவங்களை விரட்டினாங்களா?

உன் அலமாரி விஷயத்துக்கு வர்றேன். இந்தியாவிலே நூலகத் துறைக்கே தகப்பன்னு சொல்ற ரங்கநாதன், கணக்கு வாத்தியாரு. 1924-லே மெட்ராஸ் பல்கலைக்கழகத்திலே நூலகர் வேலை கொடுத்தாங்க. கொஞ்ச நாள்லேயே, பேச்சுத் துணையில்லாம என்னாலே முடியாது, பழைய வேலையே கொடுங்கன்னு போய் நின்னார். லண்டனுக்குப் போய்ப் படிச்சிட்டு வா, அப்பவும் பிடிக்கலேன்னா பார்ப்போம்னு அனுப்பினாங்க. அங்கே ஜனங்க நூலகத்தைப் புழங்கினதைப் பார்த்துட்டு வந்தவர், அப்புறம் அதை விடவே இல்லே. அவருக்கே முதல்லே கசந்துச்சு தம்பி, உன் மகன் எம்மாத்திரம்? 1931-லே அவர் புத்தகமாப் போட்ட ஐந்து விதியிலே முதல் விதி, புத்தகம் உபயோகத்துக்குன்னு. அதே வருஷம் மன்னார்குடி பக்கம் கனகசபைப் பிள்ளைன்னு ஒருத்தர் வண்டியிலே புத்தகத்தை ஏத்தி ஊர் ஊரா அனுப்பினார். உனக்கும் பூட்டத் தெரியும், அவருக்கும் பூட்டத் தெரியும். அவர் மாட்டைப் பூட்டினார்.

சரி, உருப்படியா ஒண்ணு சொல்லுங்கன்னு முறைக்கிறே. இந்தா, இந்தப் புத்தகத்தைக் கொண்டு போ. பழசுதான், அட்டை கிடையாது, பேயும் இருக்கு, புதையலும் இருக்கு. அவன் கையிலே கொடுத்துடாதே. நீ உக்காந்து படி, உதட்டைக் கடிச்சுக்கிட்டுப் படி. "என்னப்பா அது?"ன்னு கேட்டா, "உனக்கு வேண்டாம், பெரியவங்க படிக்கிறது"ன்னு சொல்லிட்டுத் தலையணைக்கு அடியிலே வச்சுட்டுக் குளிக்கப் போயிடு. குளியலை இழுத்துக் குளி.

கடைசி எட்டுப் பக்கத்தைக் காணோமேன்னு தேடாதே. என்கிட்டேதான் இருக்கு. வேணும்னா அவனை வரச் சொல்லு. நீ வந்தா தர மாட்டேன். வரும்போது பையன் சும்மா வர வேண்டாம், முறுக்கு வாங்கிட்டு வரட்டும், மெதுமுறுக்கு. பல்லு முன்னே மாதிரி இல்லே.