மனப்பாடம் கூடாதுன்னு மனப்பாடம் பண்ற பேத்திக்கு

வா தாயி, இப்பிடி ஒக்காரு. நாலு மணிக்கே எந்திரிச்சு, திண்ணையில லைட்டப் போட்டு நீ சத்தம்போட்டுப் படிக்கிற படிப்புல தெருவே சி-டெட்டுங்கிற வாத்தியாரு தகுதிப் பரிச்சைக்குத் தயாராயிருச்சு. நான் அஞ்சாங்கிளாசத் தாண்டாத ஆளு. ஆனாலும் பியாஜே யாரு, வைகாட்ஸ்கி யாரு, கோல்பர்க் யாருன்னு இப்ப எவன் வந்து கேட்டாலும் சொல்லிருவேன். எல்லாம் ஓசியில, காது வழியா வந்த படிப்பு.

ஒண்ணு மட்டும் வெளங்கல. நேத்துச் சாயங்காலம் புத்தகத்த மடியில வச்சுக்கிட்டு, 'பிள்ளைகள மனப்பாடம் பண்ண வைக்கக் கூடாது'ங்கிற வரியத் திருப்பித் திருப்பிச் சொல்லி மனப்பாடம் பண்ணிக்கிட்டிருந்தே. பக்கத்துல நம்ம பய, ஒன் அண்ணன் மகன், ரெண்டாம் வாய்ப்பாட்டுல பாதி வழியில நின்னு முழிச்சான். ஒரு கையால கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவுக்கு அடிக்கோடு போட்டே, இன்னொரு கையால அவன் காதத் திருகுனே. பிள்ளைய அடிக்கவும் கூடாது, மனசு நோக வைக்கவும் கூடாதுன்னுதான அந்தப் பிரிவு சொல்லுது? பயலுக்கு மட்டும் எழுத்துக்கூட்டத் தெரிஞ்சிருந்தா ஒம்மேல கேசு போட்டிருப்பான்.

கோவிச்சுக்காத. பரிச்சைய நான் குத்தம் சொல்லல. 2009-ல அந்தச் சட்டம் வந்துச்சு, வாத்தியாரு வேலைக்குத் தகுதி வேணும்னாக, 2011-லேர்ந்து சி.பி.எஸ்.இ. காரவுக இத நடத்துறாக. 150 கேள்வி, ரெண்டர மணி நேரம், அதாவது கேள்விக்கு ஒரு நிமிசம். 90 வாங்குனாத் தேறிருவே. முன்னால இந்தச் சர்ட்டிபிகேட்டுக்கு ஏழு வருசந்தான் உசுரு. 2021-ல ஆயுசுக்கும் செல்லும்னு மாத்திட்டாக. ஆயுசுக்கும் எதுக்குச் செல்லும்னு கேட்டுக்கிட்டியா? வேலைக்கு அல்ல, வேலைக்கு மனுப்போடுறதுக்கு. இதுல பாசாகுறது ஜாதகம் பொருந்துன மாதிரிதான், மாப்பிள்ள வீட்டுக்காரக இன்னும் கை நனைக்கல. மதுர நரிமேட்டுல இருக்கிற கேந்திரிய வித்யாலயாவுல நாக்காலி வேணும்னா அதுக்கு வேற பரிச்ச எழுதணும். நவோதயாவுக்குப் போறேன்னு அன்னைக்குச் சொன்னே. நம்ம ஸ்டேட்டுல அது ஒண்ணுகூடக் கெடையாது தாயி, பெட்டிய நல்லாக் கட்டிக்க.

சரி, பியாஜேக்கு வருவோம். சுவிட்சர்லாந்துக்காரரு. தமிழ்ல வரமாட்டாராமே? மொழித்தாளுக்கு 20 பாசை வச்சிருக்காக, அதுல தமிழும் இருக்கு. ஆனா பிள்ள மனசப் பத்தின கேள்வியும் கணக்கும் சூழ்நிலையியலும் இங்கிலீசுலயும் இந்தியிலயுந்தான். அதனால நீ அவர இங்கிலீசுலயே முழுங்குறே, அது தொண்டையிலயே நிக்குது. நான் வயித்துக்குள்ள எறக்கி விடுறேன், கேட்டுக்க.

ஒரே அளவு தண்ணிய ஒசந்த டம்ளர்ல ஊத்துனா, ஏழு வயசுக்குக் கொறஞ்ச பிள்ளைக்கு அதுதான் நெறையாத் தெரியும், அகலக் கிண்ணத்துல ஊத்துனாக் கொறச்சலாத் தெரியும். இதானே அந்தக் கட்டம்? இத நீ நாலு நாளாப் படிக்கிறே. இந்த வீட்டுல நான் போன தைப்பொங்கல்லேர்ந்து நடத்திக்கிட்டிருக்கேன். பாயாசத்த அந்தப் பயலுக்கு ஒசந்த டம்ளர்ல ஊத்துவேன், எனக்கு அகலமான கும்பாவுல. 'எனக்குத்தான் நெறைய'ன்னு குதிப்பான். கும்பாவுல ரெண்டு கரண்டி கூடக் கெடக்கும். அவனுக்கு இப்ப ஆறு நடக்குது. பியாஜே கணக்குப்படி எனக்கு இன்னும் ஒரு வருசம் பாக்கி இருக்கு, நீ குறுக்க வந்து அவனுக்குச் சொல்லிக்குடுத்துறாத.

சிரிக்கிறேல்ல? அந்தப் பெரிய மனுசன் தன் சொந்தப் பிள்ளைக மூணு பேத்தையும் பக்கத்துல ஒக்காந்து பாத்துத்தான் பாதி விசயத்த எழுதுனாராம். ஒனக்கு ஒரு பிள்ள கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. அவன 'படிக்க விடாம நச்சரிக்கிறான்'னு வெரட்டி விட்டுட்டு, கைடுல படம் பாத்து டம்ளரப் படிக்கிறே.

வைகாட்ஸ்கி பாவம். ரெண்டு பேரும் 1896-லதான் பொறந்தாக. பியாஜே எம்பதத் தாண்டி இருந்தாரு, இவரு 37 வயசுல காசநோயில போயிட்டாரு. தானாச் செய்ய முடியாதத, தெரிஞ்சவுக கொஞ்சம் கை குடுத்தா பிள்ள செஞ்சிரும், அந்த எடத்துலதான் படிப்பு இருக்குங்கிறாரு. நீ பம்புசெட்டுக் கெணத்துல நீச்சல் படிச்சது நெனப்பிருக்கா? முதுகுல சுரக்குடுக்கையக் கட்டி, வயித்துக்கடியில நான் கை குடுத்தேன். ஒரு நா ஒனக்குத் தெரியாமக் கைய எடுத்தேன். அது தெரியாம நீ படிக்கட்டு வரைக்கும் போயி, திரும்பிப் பாத்துட்டுத்தான் அலறுனே. அப்பறம் குடுக்கையையும் அவுத்தாச்சு. அந்தப் பாடத்த ஒடம்புல வச்சுக்கிட்டு, புத்தகத்துல மஞ்சப் பேனாவால தேய்க்கிறே.

கோல்பர்க்கப் பத்தி ரொம்பப் பேச வேணாம். சாகக் கெடக்குற பொண்டாட்டிக்கு மருந்தத் திருடலாமா கூடாதான்னு ஒரு கதையச் சொல்லி, பதில விட்டுட்டு காரணத்த வச்சுப் படி போடுறாரு, ஆறு படி. அடிக்குப் பயந்து ஒருத்தன் ஒழுங்கா இருந்தா மொதப் படின்னு நேத்து வாசிச்சே. ஒங்கப்பத்தாவக் கட்டுன நாள்லேர்ந்து நான் அந்த மொதப் படியிலதான் நிக்கிறேன், மேல ஏறச் சந்தர்ப்பமே வரல.

சூழ்நிலையியல்தான் எனக்குச் சங்கடம். ஜெய்சல்மேர்ல கட்சிசர்னு ஒரு ஏரி, மணக்காட்டு ராசா வெட்டுனது, அது நெறஞ்சா மிச்சத் தண்ணி அடுத்த ஏரிக்குப் போகும், இப்பிடி ஒம்பது ஏரின்னு பழைய என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தத் தண்ணியாக் குடிச்சு வச்சிருக்கே. நல்ல புத்தகந்தான், நல்ல ராசாதான். நம்ம கண்மாய் நெறஞ்சா எந்தக் கண்மாய்க்குப் போகும்? கலுங்கு எந்தக் கோடியில இருக்கு? மடை எத்தன? வரத்துக்கால்ல எவன் வீடு கட்டியிருக்கான்? முழிக்கிறே. அந்த ஒம்பது ஏரிய எழுதுனவரு, பிள்ளைக தங்க ஊரு தண்ணியப் போயிப் பாக்கட்டும்னுதான் எழுதியிருப்பாரு. நீ ஜெய்சல்மேரோட நின்னுட்டே. நாளைக்குக் காலையில மம்பட்டியத் தூக்கிக்கிட்டு நான் போறப்ப கூட வா. பயலையும் கூட்டியா. ஒரு மணி நேரம் படிப்புக் கெடாது.

ஒங்கம்மா கதை இதவிட வேடிக்க. இருவது வருசத்துக்கு மேல பாடம் நடத்துனவ. 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு வந்துச்சு, ஓய்வுக்கு அஞ்சு வருசத்துக்கு மேல இருக்கிறவுக ரெண்டு வருசத்துக்குள்ள டெட்டுத் தேறணும்னு. அவ நம்ம ஸ்டேட்டு டெட்டுக்குப் படிக்கிறா, நீ மத்திய டெட்டுக்குப் படிக்கிறே, ஒரு கைடுக்கு ஆத்தாளும் மகளும் அடுக்களையில மல்லுக்கட்டுறீக. அவ பயத்துலயும் ஞாயம் இருக்கு. 2012-ல மொதமொத அத வச்சப்ப நூத்துக்கு ஒருத்தருகூடத் தேறல. ஒண்ணர மணி நேரந்தான் குடுத்திருந்தாக. அப்பறம் மூணு மணி நேரமாக்கி அதே வருசம் திரும்ப வச்சாக.

முந்தாநேத்து நீ அவளுக்கு ஒரு கேள்வி வாசிச்சே. 'வகுப்புல ஒரு பிள்ள சன்னலையே பாத்துக்கிட்டிருக்கு, ஆசிரியர் என்ன செய்வார்?' நாலு விடை. அவ நாலையும் கேட்டுட்டு, 'போயி ஆபீஸ் ரூம்ல சாக்பீஸ் வாங்கிட்டு வாடான்னு அனுப்புவேன், திரும்பி வர்றப்ப தெளிஞ்சு வருவான்'னா. அந்த விடை தாள்ல இல்ல. நீ என்ன சொன்னே? 'அம்மா, தப்பு'ன்னே. எனக்கு அந்த எடத்துல ஒந்தலையில ஒரு குட்டு வைக்கணும்னு இருந்துச்சு, 17-ஆம் பிரிவு நெனப்புக்கு வந்து நிறுத்திக்கிட்டேன். போயி அவகிட்ட கேளு, அந்த மாதிரிப் பிள்ளைகள எத்தன பேத்தக் கரையேத்துனான்னு. அவளுக்கு நீ இங்கிலீசுப் பேரச் சொல்லிக்குடு. ரெண்டு பேத்துக்கும் தொண்ணூறு வந்துரும்.

அப்பறம் பரிச்ச மண்டபத்துச் சூட்சுமம். தப்பா எழுதுனா மார்க்கப் புடுங்க மாட்டாக, அதனால எதையும் வெறுமன விட்டுட்டு வராத. தெரியாத கேள்வியில, எந்த விடையில பிள்ளைக்கு நல்லது நடக்குதோ அதுல வட்டத்தக் கருப்பாக்கு. 'தண்டிப்பார்', 'மனப்பாடம் செய்யச் சொல்வார்'னு இருந்தா அந்தப் பக்கமே போகாத. வீட்டுல நீ செய்யிறத நெனச்சு, அதுக்கு நேர் எதிராப் போட்டாலே பாதி சரியா வரும்.

கருப்புப் பேனா ரெண்டு வாங்கணும்னேல்ல, எந்திரி. கட வரைக்கும் போறதுதான் போறே, கொழுந்து வெத்தலையாப் பாத்து ஒரு கவுளியும் ரெண்டு பொட்டலம் போயிலையும் வாங்கியா. காசா? பியாஜேக்கு ஃபீசு வாங்காமத்தான பாடம் எடுத்தேன்?