டக்கும் டேவும் ஒரு பலகையும்

1991 செப்டம்பரில் இங்கிலாந்தின் 'டுடே' நாளிதழில் இரண்டு பெரியவர்கள் வாய் திறந்தார்கள். டக் பவர், டேவ் சோர்லி. சவுத்தாம்டன்காரர்கள், இருவருக்கும் அறுபதுக்கு மேல். தென் இங்கிலாந்தின் கோதுமை வயல்களில் ராத்திரியோடு ராத்திரியாக முளைத்த வட்டங்களைப் பார்த்து, அண்டவெளியிலிருந்து நமக்குக் கடுதாசி வந்திருக்கிறது என்று உலகம் உருகிக்கொண்டிருந்தது. 'அதெல்லாம் நாங்கள் மிதித்தது' என்றார்கள் இவர்கள்.

கதை ஆஸ்திரேலியாவில் ஆரம்பிக்கிறது. 1966இல் குவீன்ஸ்லாந்தின் டல்லி என்ற ஊருக்கு அருகே, சதுப்பில் நாணல் வட்டமாகச் சாய்ந்து கிடந்தது. பறக்கும் தட்டு எழும்பிப் போனதைக் கண்ணால் பார்த்ததாக ஒரு வாழை விவசாயி சொன்னார். ஆஸ்திரேலியாவில் சில வருடம் குப்பைகொட்டிய பவரின் மனசில் அந்தச் சேதி ஊறிக்கொண்டே இருந்தது. 1978இல் வின்செஸ்டர் பக்கம் ஒரு மதுக்கடையில் பீரோடு சேர்ந்து அது வெளியே வந்தது. நம்ம ஊர் வயலிலும் ஒன்று இறக்கினால் என்ன? பவரின் படச்சட்டக் கடையில் பின்கதவுக்கு முட்டுக்கொடுக்கும் இரும்புக் கம்பிதான் முதல் ஆயுதம். அப்புறம் இரண்டு முனையிலும் கயிறு கட்டிய பலகை. கயிற்றைக் கையில் பிடித்து, பலகையைக் காலால் அழுத்தி நடந்தால் கோதுமை ஒடியாமல் படுக்கும். கோடு நேராகப் போகத் தொப்பியில் ஒரு கம்பி வளையம். அதன் வழியே தூரத்து மரத்தைக் குறிபார்த்து நடப்பது. விண்வெளித் தொழில்நுட்பம் மொத்தமும் இவ்வளவுதான்.

முதல் இரண்டு மூன்று வருடம் ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. கலைஞனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. பிரபஞ்சமே வந்து கதவைத் தட்டியிருக்கிறது, ஊரில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை! 1981இல் புத்தி வந்தது. சீஸ்ஃபுட் ஹெட் என்ற இடத்தில், சாலையிலிருந்து குனிந்தால் தெரிகிற பள்ளத்து வயலைப் பிடித்தார்கள். பத்திரிகைகள் வந்தன, பின்னாலேயே நிபுணர்களும் வந்தார்கள்.

வானிலை ஆய்வாளர் டெரன்ஸ் மீடன், இது சுழல்காற்றின் வேலை என்றார். மரியாதையான விளக்கம்தான். அதைக் கவிழ்ப்பதற்கென்றே பெரியவர்கள் படத்தைச் சிக்கலாக்க, அவரும் சளைக்காமல் மின்னேற்றம் பெற்ற பிளாஸ்மாச் சுழல் வரை ஏறிப்போனார். பாட் டெல்காடோவும் காலின் ஆண்ட்ரூஸும் 1989இல் இதைப் பற்றி எழுதிய புத்தகம் அமோகமாக விற்றது. 1990இல் வில்ட்ஷயரில் பிபிசி, ஜப்பானியத் தொலைக்காட்சி எல்லாம் கேமராவோடு ராக்காவல் இருந்தன. விடிந்ததும் வட்டங்கள். ஆனந்தக் கூத்தாடி உள்ளே போனால், நடுவே ஒரு ஜோசிய விளையாட்டு அட்டையும் மரச்சிலுவையும். வேறு யாரோ வாலுப் பையன்கள். தொழிலுக்குப் போட்டி வந்துவிட்டது.

உண்மையில் பவரின் முதல் வாக்குமூலம் பத்திரிகைக்குக் கொடுத்தது அல்ல, வீட்டில் கொடுத்தது. கார் மீட்டரில் ஓடியிருந்த மைல்களைப் பார்த்த மனைவி, வேறொருத்தி இருக்கிறாள் என்று முடிவுகட்டிவிட்டார். மனிதர் உண்மையைச் சொன்னார்: 'ராத்திரி டேவோடு போய் வயலில் வட்டம் போடுகிறேன்.' இன்னொருத்தி என்று சொல்லியிருந்தால் உடனே நம்பியிருப்பார். பத்திரிகைத் துணுக்குகளைக் காட்டியும் அந்த அம்மாள் மசியவில்லை. தானே ஒரு படம் வரைந்து, இதைப் போடு பார்க்கலாம் என்றார். போட்டார். வழக்கு தள்ளுபடி. இந்த விவகாரம் முழுக்கத் தேடினாலும் இதைவிட ஒழுங்கான விஞ்ஞானப் பரிசோதனை எனக்கு அகப்படவில்லை.

'டுடே'யும் அதே வழியில் போனது. இருவரையும் கென்ட் பகுதியில் ஒரு வட்டம் போடவைத்து, டெல்காடோவை அழைத்துக் காட்டியது. மனிதக் கையால் ஆகிற காரியமில்லை என்று அவர் சான்றளித்தார். கிழவர்களை எதிரே நிறுத்தினார்கள். ஏமாந்துவிட்டேன் என்று அவரும் ஒப்புக்கொண்டார். அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அந்த வார்த்தையைச் சொல்லும் நிபுணர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பக்தர்கள் அப்படியெல்லாம் ஒப்புக்கொள்கிறவர்களா? இவர்கள் போட்டதாகச் சொல்வது இருநூற்றுச் சொச்சம், மிச்சத்துக்கு என்ன பதில் என்றார்கள். இது உளவுத்துறையின் நாடகம் என்றார்கள். முதல் கேள்வியில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஒருவன் ஒப்புக்கொண்டது அவன் செய்ததற்கு மட்டும்தான் செல்லும். ஆனால் 1992இல் வட்டம் போடும் போட்டி வைத்தபோது, ஹெலிகாப்டர் கம்பெனி இன்ஜினீயர்கள் வந்து ஜெயித்துவிட்டுப் போனார்கள். மிச்சத்தைப் போட பூமியிலேயே ஆள் இருந்தது. நட்சத்திரத்திலிருந்து வந்தவனிடம் ஒரு துண்டுச்சீட்டும் கேட்காதவர்கள், பலகையும் கையுமாக நிற்கிற மனிதனிடம் மட்டும் அத்தாட்சி கேட்டதுதான் வேடிக்கை. அதே வருடம் டக்குக்கும் டேவுக்கும் நோபலைக் கேலி செய்யும் இக் நோபல் பரிசு இயற்பியலுக்காகக் கிடைத்தது.

எல்லா வாக்குமூலமும் இந்த எடை நிற்பதில்லை. லண்டன்காரர் ரே சாண்டிலி 1995இல், அமெரிக்காவின் ராஸ்வெல்லில் விழுந்ததாகச் சொல்லப்பட்ட வேற்றுக்கிரகவாசியைப் பிரேதப் பரிசோதனை செய்யும் படம் என்று ஒன்றை உலகெங்கும் விற்றார். 2006இல் வாய் திறந்தார். எப்போது? அந்தக் கூத்தை வைத்தே எடுத்த நகைச்சுவைப் படம் தியேட்டருக்கு வந்த சமயத்தில். என்ன சொன்னார்? பொய் இல்லையாம், 'புனரமைப்பு'. அசல் படச்சுருள் ஒன்றைத் தான் பார்த்தாராம், அது கெட்டுப்போனதால் திரும்ப எடுத்தாராம், அசலின் சில காட்சித் துணுக்குகள் உள்ளே கலந்திருக்கின்றனவாம். எவை என்று மட்டும் கேட்கக்கூடாது. பொய்யை ஒப்புக்கொள்கிற சாக்கில் இன்னொரு சரக்கைக் கடைபரப்பினார். நான் நம்புவது அந்தப் பொம்மையைச் செய்த சிற்பி ஜான் ஹம்ப்ரீஸை. உள்ளே ஆட்டு மூளையும் கோழிக்குடலும் திணித்ததை அவர் சொன்னார். படத்தில் அறுக்கும் டாக்டரும் அவரே. பிரேதத்தைத் துண்டு துண்டாக்கி லண்டன் குப்பைத்தொட்டிகளில் பங்கிட்டுப் போட்டுவிட்டார்களாம்.